ஹட்டன் மலையில் ஒரு புடவை வேனும் இரண்டு பேட்டரிகளும்

அம்மா சொல்லி அனுப்பிய வேலை ஒன்று, அக்கா எழுதிக் கேட்ட வேலை வேறொன்று. "போய் அவளையும் அவ புருஷனையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துரு. வேனுக்குள்ள குடித்தனம் பண்ணதெல்லாம் போதும்" என்றாள் அம்மா. அக்கா எழுதியிருந்தது இது: "வேன்ல லைட்டு சரியா எரியலை. பின்னாடி பேட்டரியில சார்ஜ் ஏறவே மாட்டேங்குது. சாமானோட வந்து பாரு." மதுரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டுமே முடியாத காரியமாகத் தோன்றவில்லை. பையில் மீட்டர், ஸ்பானர்கள், ஈயம் பற்றவைக்கும் கோல், அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு ஆகியவற்றோடு புறப்பட்டுவிட்டேன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் பேசியது என் பற்கள்தான். மத்தியான நேரத்தில் அப்படி ஒரு குளிர். மச்சான் ராமையா ஒரு கம்பளிக் கோட்டைக் கையில் பிரித்துப் பிடித்தபடியே பிளாட்பாரத்தில் நின்றார். "மாப்ள, மொதல்ல இத மாட்டு. நலம் விசாரிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

ஸ்டேஷனுக்கு வெளியே பச்சை வேன் நின்றது. பின்பக்கக் கதவை மேலே தூக்கி முட்டுக் கொடுத்தால் அதுவே கூரை. உள்ளே இரண்டு பக்கமும் பலகைத் தட்டுகளில் புடவைகள், பாவாடைத் துணிகள், சாரம் என்கிற கைலிகள். நடுவில் ஒடுக்கமாக ஒரு கட்டில், காலடியில் மண்ணெண்ணெய் அடுப்பு. மச்சானின் அப்பா தலையில் மூட்டை சுமந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் புடவை விற்றவர். மகன் மூட்டையை வேனுக்கு மாற்றியிருந்தார். ஹட்டனில் ஒரு அறை வாடகைக்கு இருந்தது. ஆனால் வாரத்தில் பாதிக்கு மேல் இருவருக்கும் வீடு இந்த வேன்தான்.

அக்கா சிவகாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பாண் தின்றியாடா?" என்றாள். ஏதோ குடிக்கக் கொடுக்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். வந்தது ரொட்டி. நம் ஊரில் காய்ச்சல்காரனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்போமே, அதே ரொட்டிதான். இங்கே அதைக் கையால் பிய்த்து, மாசிக்கருவாடு இடித்துப் போட்ட சம்பலோடு வெளுத்துக் கட்டுகிறார்கள். காரம் மூக்கு வரை ஏறியது. குளிர் விட்டுப் போயிற்று. இரண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

அன்று மாலையே நோர்வூட் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போனோம். கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலை விட்டு, கொழுந்தை நிறுத்துப் போட்டு, லயம் என்கிற தங்கள் வரிசை வீடுகளுக்குத் திரும்பி, தண்ணீர் எடுத்து வைத்து, அதன் பிறகுதான் வேனிடம் வர முடியும். அதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் பகலில் விற்கலாம். அன்றைக்கும் ஒரு தோட்டத்தில்தான் நிற்க முடியும். ஆக, அக்காவின் வியாபாரம் முழுக்கக் கூரைக் கதவில் தொங்கும் நான்கு பல்புகளை நம்பித்தான் நடந்தது. அந்தப் பல்புகளுக்காகவே கட்டிலுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்திருந்தார்கள்.

"ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வைக்கலாமே" என்றேன்.

"துணிக்குள்ள நெருப்பா? ஒரு தடவ வச்சு, ஒரு கட்டு பாவாடைத் துணி போச்சு. போதும்" என்றார் மச்சான்.

பல்புகள் முதலில் சுமாராக எரிந்தன. ஏழெட்டுப் பெண்கள் புடவைகளை விரித்து முகத்தோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரம் சூடு பிடிக்கிற நேரத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, சற்று நேரத்தில் பல்புக்குள்ளே இருந்த கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. பச்சை எது, நீலம் எது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு புடவையைப் பலகையில் போட்டாள். பாக்கியம் என்று அக்கா பிறகு பெயர் சொன்னாள். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். "புடவக்காரம்மா, போன வாரம் அரக்குன்னு சொல்லிக் குடுத்தீங்க. பகல்ல பாத்தா சாணி நெறம். வர்ற வாரம் எம் மக ராசம்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால இதையா கட்டிவிடச் சொல்றீங்க?"

 அக்கா புடவையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "தப்புதான் பாக்கியம். வேற எடுத்துக்க."

"இந்த வெளிச்சத்துல எத எடுத்தாலும் சாணியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம டவுனுக்கே போயிக்கிறோம்."

கேட்டுக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் கையிலிருந்ததை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்துவிட்டு லயத்துக்கு நடந்தார்கள். ஒருத்திகூட வாங்கவில்லை. அக்கா மடித்த புடவையையே மறுபடி மறுபடி மடித்தாள். சின்ன வயதில் அழுகை வரும்போது தாவணி முனையை அப்படித்தான் மடிப்பாள். நான் பார்க்காதவன் போல பேட்டரி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வேன் கிளம்பவில்லை. செல்ப் ஸ்டார்ட்டரை அழுத்தினால் ஒரு முனகல் மட்டும் கேட்டது. பின்னாலிருந்த பேட்டரி தன் சார்ஜைத் தீர்த்ததோடு முன்னாலிருந்ததையும் உறிஞ்சிவிட்டது. மச்சான் கலங்கவே இல்லை. எப்போதும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவாராம். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற பெண்கள், முதுகில் கூடையோடு, சிரித்துக்கொண்டே வந்து பின்னால் கை கொடுத்தார்கள். இரண்டு வளைவு உருண்டதும் எஞ்சின் பற்றிக்கொண்டது. மதுரையில் வண்டி நின்றால் தள்ள ஆள் தேடி அலைய வேண்டும். இங்கே ஒரு கை தொட்டுவிட்டால் போதும், மீதியை மலை பார்த்துக்கொள்கிறது.

ஒரு தேத்தண்ணிக் கடையில் அக்கா வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது மச்சான் மெல்லக் கேட்டார். "எங்களக் கூட்டிக்கிட்டுப் போகத்தானே வந்துருக்க?"

மறைக்க என்ன இருக்கிறது? சொன்னேன். மதுரையில் எங்கள் வீட்டு மாடி காலியாக இருப்பதையும், ஜவுளிக் கடையில் அவருக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருப்பதையும் சொன்னேன்.

"நான் இன்னைக்கே ரெடி" என்றார் மச்சான். "மழையில இதத் தள்ளித் தள்ளி முதுகு போச்சு. எங்கப்பா மூட்டையத் தூக்குனாரு, நான் மூட்டையோட சேத்து வேனையும் தூக்குறேன். உங்கக்காதான் அசைய மாட்டேங்குறா. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க மாப்ள. நேத்துப் பாத்தியில்ல? இப்படியே ரெண்டு மாசம் போனா அவளே பொட்டியக் கட்டிருவா. நீ லைட்ட சரி பண்ணிட்டியோ, அப்புறம் நீயும் உங்கம்மாவும் வந்து இழுத்தாலும் வர மாட்டா."

நான் இதை யோசித்தே பார்க்கவில்லை. ஒரு வேலையை முடித்தால் மற்ற வேலை கெட்டுப் போகும். "மொதல்ல வண்டியப் பாத்துருவோம் மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

பார்த்த மாத்திரத்தில் நோய் தெரிந்துவிட்டதாக எனக்கு எண்ணம். டைனமோ நன்றாக இருந்தது. பெல்ட் தொய்ந்திருந்தது, அதை இறுக்கினேன். சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பெட்டி ஒன்று டைனமோ பக்கத்தில் இருக்கும். மதுரையில் சார்ஜ் ஏறாத வண்டிக்கு அந்தப் பெட்டியில் கொஞ்சம் கூட்டி வைப்போம், ஏறிவிடும். கூட்டி வைத்தேன். "இன்னைக்குச் சாயங்காலம் பாருங்க" என்று இருவருக்கும் வாக்கும் கொடுத்தேன்.

அன்று நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனோம். வளைந்து வளைந்து இறங்கும் பாதை. ஒரு பக்கம் பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டிலேயே விழுகிறது. மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மேகம் நமக்குக் கீழே நிற்கிறது. இங்கேதான் தண்ணீரைத் தேக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பெரிய இரும்புக் கோபுரங்கள் மலைக்கு மலை கால் வைத்து நடந்து போகின்றன. அவற்றுக்கு நேர் கீழே இருக்கும் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு. தேத்தண்ணிக் கடையில் ஒரு சிங்களத் தொழிலாளி தன் கூட்டாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மச்சான் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்தக் கம்பியில போற வெளிச்சத்துக்கு எங்க வீட்டு வழி தெரியாது, நேரா கொழும்புக்குத்தான் போகும்ங்குறாரு."

கடைக்கு வெளியே நின்ற வேனிலிருந்து புளித்த நாற்றம் வந்தது. ஓடிப் போய் மூடியைத் திறந்தேன். முன்பக்கப் பேட்டரி சோற்றுப் பானை மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் குனிந்ததில் அமிலம் என் வேட்டியில் தெறித்தது. சாயங்காலத்துக்குள் வேட்டி சல்லடையாகிவிட்டது. பின்பக்கப் பேட்டரியோ பழையபடி பட்டினி. பல்புகள் நேற்றைப் போலவே மங்கின. அக்கா தட்டிலிருந்து ஒரு சாரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கட்டிக்க. ஓட்ட வேட்டியோட நிக்காத, வர்றவங்க இதையும் நம்ம சரக்குன்னு நெனச்சுக்குவாங்க."

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பக்கம் கொதிக்கிறது, பின்பக்கம் பட்டினி கிடக்கிறது என்றால் நடுவில் ஏதோ சார்ஜைத் தின்கிறது. அது எது?

மறுநாள் காலை ஓர் ஓடைப் பக்கம் நிறுத்தி அக்கா தேங்காய் ரொட்டி சுட்டாள். எனக்குக் கால் விறைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கட்டில்ல ஏறி ஒக்காரு. வண்டி ஓடுறப்ப எடது பக்கம் அந்தக் கம்பி மேல கால வச்சுக்க, வெதுவெதுன்னு இருக்கும். நான் அப்படித்தான் குளுரத் தாங்குறேன்" என்றாள்.

"எந்தக் கம்பி?"

"முன்னாடியிருந்து பேட்டரிக்கு வருதே, அதுதான். அது முடியுற எடத்துல ஒரு போல்ட்டு இருக்கு பாரு, அது இன்னும் சுடும்."

கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். வீட்டில் பல்புக்கு இழுக்கிற மெல்லிய வயர் வேன் நீளத்துக்கும் ஓடியது. மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்போ, துருப்பிடித்த ஒரு போல்ட்டில் வேனின் தகட்டோடு முடுக்கப்பட்டிருந்தது. பெரிய குழாயில் வருகிற தண்ணீரை வைக்கோல் துளையில் விட்ட மாதிரி. பேட்டரிக்குப் போக வேண்டிய சார்ஜில் பாதி, இத்தனை நாளும் என் அக்காவின் பாதங்களைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நோய் தெரிந்துவிட்டது. மருந்தும் தெரியும். தடித்த கேபிள் இரண்டு வேண்டும். எஞ்சின் நின்றதும் இரண்டு பேட்டரியையும் பிரிக்க ஒரு சுவிட்சும் வேண்டும்.

வெளியே வந்தவன் உடனே அதைச் சொல்லவில்லை. மச்சான் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன்.

அவள் அடுப்புத் திரியைத் தணித்துக்கொண்டே கேட்டாள். "உங்க மச்சான் வர்றேன்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு."

"நான் மதுரைக்கு வந்து என்னடா பண்றது? அங்க நான் ஒனக்கு அக்கா, அவருக்குப் பொண்டாட்டி. மாடியில ஒக்காந்து அரிசி பொடைப்பேன். இங்க எந்தத் தோட்டத்துல எறங்குனாலும் பொம்பளைங்க என்னையப் புடவக்காரம்மான்னு கூப்புடுறாங்க. யாருக்கு எந்தக் கலரு எடுக்கும்னு எனக்குத் தெரியும். யாரு வயித்துப் புள்ளையோட இருக்கா, யாரு மகளுக்குச் சம்பந்தம் வந்துருக்கு, எல்லாம் தெரியும். ஒரு நாளைக்கு அலுத்துப் போனா நானே வர்றேன். ஆனா லைட்டு எரியலைன்னு தோத்துப் போயி வர மாட்டேன்."

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீ சரி பண்ணாமப் போனாலும் ஒன்ன நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் தம்பி. அம்மா சொன்னதத்தானே செய்யணும் நீ."

 ஒரு பேட்டரியைச் சரி செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்டு, அதனால் என் அக்கா தலையைக் குனிந்துகொண்டு கப்பலேறுவதை நினைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு மகள் கிடைப்பாள். ஆனால் மாடியில் உட்கார்ந்து அரிசி புடைக்கும் அந்தப் பெண்ணின் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும். "மச்சான், சீக்கிரம் வாங்க!" என்று ஓடையைப் பார்த்துக் கத்தினேன். "தடிச்ச கேபிள் எங்க கெடைக்கும்?"

நோர்வூட்டில் சோமபால என்ற மெக்கானிக்கிடம் மச்சான் கூட்டிப் போனார். எல்லோரும் அவரை 'பாஸ்' என்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஓடாத லொறி ஒன்று கொடி படர்ந்து கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து விரல் தடிமன் கேபிளை அவர் உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. அலமாரியைக் கிளறி ஒரு பெரிய சுவிட்சையும் தேடிக் கொடுத்தார். நான் எந்த ஊர் என்று சிங்களத்தில் விசாரித்தார். மச்சான் சொன்னதும் அவர் கேட்ட அடுத்த கேள்வியை மொழிபெயர்ப்பதற்குள் மச்சானுக்குப் புரையேறிவிட்டது. "மதுரையில ரோடெல்லாம் சமதரையாமே, அப்ப வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்கன்னு கேக்குறாரு!" கேபிளுக்கு ஈடாக அக்கா பாஸின் மகளுக்கு ஒரு கவுன் துணி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

கொட்டகை ஓரத்திலேயே வேலையைத் தொடங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைக் கட்டி வேனுக்கு அடியில் படுத்தேன். மண்ணெண்ணெய் அடுப்பில் கோலைச் சூடாக்கி, கேபிள் முனைகளில் ஈயம் பற்றவைத்தேன். போக ஒன்று, திரும்ப ஒன்று. வேன் தகட்டை இனி நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முன்பு கூட்டி வைத்த பெட்டியைப் பழைய அளவுக்கே குறைத்தேன். வெளியே வந்தபோது கெண்டைக்காலில் மூன்று அட்டைகள் கொழுத்துத் தொங்கின. நான் போட்ட கூச்சலுக்குப் பாஸ் ஓடி வந்து, ஒரு துண்டு சோப்பை எச்சில் தொட்டுத் தேய்த்து, சிரிக்காமல் உதிர்த்துவிட்டார். அந்தச் சிரிக்காத மரியாதைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். முன்னாலும் பின்னாலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. அக்காவிடம் சுவிட்சைக் காட்டினேன். "வண்டி ஓடுனா மேல தூக்கு, ரெண்டும் சேரும். நின்னா கீழ எறக்கு, பிரிஞ்சிரும். பின்னாடி எவ்வளவு எரிச்சாலும் முன்னாடி பேட்டரி தப்பிச்சுக்கும்." அவள் இரண்டு தரம் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே கால் குளுருமே" என்றாள்.

அடுத்த நாள் முழுக்க ஏற்றமும் இறக்கமுமாகச் சுற்றிவிட்டு, மாலையில் பாக்கியத்தின் தோட்டத்துக்கே போனோம். மழை மேகத்தால் முன்னதாகவே இருட்டிவிட்டது. மச்சான் எஞ்சினை நிறுத்த, அக்கா சுவிட்சை இறக்கி, பல்புகளைப் போட்டாள். வெள்ளை வெளேரென்று எரிந்தன. தட்டிலிருந்த ஊதாவும் வாடாமல்லியும் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. லயத்து வாசலில் நின்ற பெண்கள் முதலில் வரவில்லை. எவ்வளவு நேரம் தாங்குகிறது பார்ப்போம் என்று நின்றார்கள். எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. மெதுவாக இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஐந்து, அப்புறம் வேனைச் சுற்றி இடமே இல்லை.

பாக்கியம் கடைசியாக, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ராசம்மா கூச்சத்தோடு ஓர் அரக்குப் புடவையைத் தொட்டாள். தாய்க்காரி அதைப் பல்புக்குக் கிட்டே கொண்டு போனாள், தூர வைத்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். "இப்ப நல்லாத்தான் இருக்கு. காலையில பெரட்டுக்குப் போறப்ப வெயில்ல பாத்துட்டுத்தான் நம்புவேன்."

"கொண்டு போ. நாங்க இங்கதான் இருப்போம்" என்றாள் அக்கா.

வியாபாரம் முடியும் வரை பல்புகள் மங்கவில்லை. அன்று அக்கா சாப்பிட மறந்துபோனாள். கண்ணாடி வளையல் கேட்டவர்களிடம்கூட அடுத்த வாரம் கொண்டு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் மலையுச்சியில் வெயில் விழுந்ததும் பெண்கள் கூடையோடு வரிசையாக வந்தார்கள். பாக்கியம் முன்னால் வந்தாள். முதுகில் கூடை, கையில் புடவை. நடு ரோட்டில் நின்று அதை இரண்டு கைகளாலும் விரித்தாள். காலை வெயிலில் அது சுத்தமான அரக்கு.  எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இதே நெறத்துல எனக்கும் ஒண்ணு இருக்குமா, புடவக்காரம்மா?" என்றாள் பாக்கியம்.

பெண்கள் சிரித்துவிட்டு, வழக்கப்படி வேனின் பின்னால் கை வைக்கப் போனார்கள். மச்சான் செல்பைத் தொட்டார். முதல் தொடலிலேயே எஞ்சின் உறுமியது. தள்ள வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஒருத்தி, "அப்ப இனிமே நாங்க வேணாமாண்ணே?" என்று கேட்டேவிட்டாள்.

தோட்டத்து வாசலைத் தாண்டியதும் மச்சானைக் கேட்டேன். "கோவமா மச்சான்?"

அவர் ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினார். "மனசு மதுரைக்குக் கெளம்பியிருச்சு மாப்ள. ஆனா முதுகு இங்கேயே இருக்கலாம்ங்குது" என்று சொல்லி, பின்னால் திரும்பிப் பார்த்தார். அக்கா அரக்குப் புடவைகளைத் தேடித் தனியாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு. "சரி, இருந்துட்டுப் போவோம்" என்றார்.

இன்னும் சில நாள் அவர்களோடு சுற்றினேன். மதுரை திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருக்கோடி வரை பார்த்தாள்.

"அவ வரலம்மா. வரவும் மாட்டா. அவ வேனு லைட்டச் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். உள்ளே போய்ச் சோறு போட்டாள். நான் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னேன், அக்கா பலகைக்குப் பின்னால் நின்று பேரம் பேசுவதைச் சொன்னேன். வாடாமல்லியும் ஊதாவும் வெளிச்சத்தில் பிரிந்து நின்றதையும் சொன்னேன். அம்மா ரசம் ஊற்ற வந்த கையோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். ரசம் ஊற்றவில்லை.

"அங்க குளுரு ரொம்பவோ?" என்றாள் கடைசியில்.

"ரொம்பம்மா. பல்லு கிட்டும்."

"அப்ப எனக்கு ஒரு கம்பளிச் சட்ட வாங்கணும்" என்றாள். "பாஸ்போர்ட்டுக்கு யாரப் பாக்கணும்னு நாளைக்கே போய் விசாரிச்சுட்டு வா."